அப்பாவுக்கு எந்த ரீடர்?

குரூப்: நம்ம வீடு 🏠

அப்பா: டொராண்டோவுல நாலு மாசம் இருக்கப் போறோம். படிக்கப் புஸ்தகம் எடுத்து வச்சேன். ஒங்க அம்மா எடை மிஷின்ல தூக்கி வச்சுட்டு முறைக்கிறா. அமேசான்ல புஸ்தகம் படிக்கிற மெஷின், கிண்டில் கிண்டில்ங்கிறாங்களே, அது சரிப்படுமா?

அம்மா: கைப்பை ஏழு கிலோதான்னு டிக்கெட்லயே போட்டிருக்கு. இவர் புஸ்தகமே ஆறு. என் மாத்திரை டப்பா எங்க போகும்?

மாமா: அத்தான், படிக்க மட்டும்னு தனியா எதுக்கு? டேப் வாங்குங்க. படமும் பாக்கலாம்.

நான்: மாமா, டேப் அரைக்கிலோ கிட்ட வரும். படுத்துக்கிட்டுப் படிச்சுத் தூங்கினா மூஞ்சியிலதான் விழும். கிண்டில்லயே பேப்பர்வைட்னு ஒரு மாடல், 211 கிராம்தான். மொட்டை மாடி வெயில்லயும் எழுத்து பளிச்சுன்னு தெரியும். டேப்ப வெயில்ல புடிச்சா நம்ம மூக்குதான் தெரியும் 😄

அத்தை: அண்ணே, கண்புரை ஆபரேஷன் பண்ண கண்ணு. லைட் அடிக்கிறதெல்லாம் வேணாம்.

நான்: அத்தை, இதுல வெளிச்சம் கண்ணுக்குள்ள அடிக்காது. ஓரத்துலேருந்து பக்கத்து மேல படியும். மஞ்சளாவும் மாத்திக்கலாம். சாதா கிண்டில்ல அந்த மஞ்சள் வெளிச்சம் இல்ல, ஸ்கிரீனும் 6 இஞ்ச்தான். பேப்பர்வைட் 7. அப்பா எழுத்தைப் பெருசாக்குவாரு, அதுக்கு 7 இருந்தாத்தான் ஒரு வரியில நாலு வார்த்தையாவது நிக்கும்.

அப்பா: சார்ஜ் 12 வாரம் நிக்கும்னு போட்டிருக்கானே?

நான்: தினம் அரை மணி நேரம் படிக்கிறவங்களுக்கான கணக்குப்பா அது. அதுவும் வைஃபை ஆஃப் பண்ணி. கூட்டிப் பாத்தா 42 மணி நேரம். நீங்க அஞ்சு மணி நேரம் உக்காருவீங்க, எட்டு நாள்ல தீந்துடும். ஆனா துபாய்லேருந்து டொராண்டோ 14 மணி நேரந்தான். தாராளமாப் போதும்.

மாமா: பவர்பேங்க் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, தரேன்.

நான்: இவங்க போற எமிரேட்ஸ்ல 2025 அக்டோபர் 1லேருந்து ஃபிளைட்டுக்குள்ள பவர்பேங்க் யூஸ் பண்ணக் கூடாது மாமா. கொள்ளளவு 100 வாட்-அவருக்குக் கீழ இருந்தா ஒண்ணே ஒண்ணு கையில வச்சுக்கலாம், அவ்வளவுதான். செக்-இன் பெட்டியில வைக்கவே கூடாது.

அம்மா: அப்ப அது வேணாம்டா தம்பி. வீண் சொமை.

மீனாக்கா: இப்பதான் எந்திரிச்சேன். 86 மெசேஜ்! அப்பா, கிண்டில் வாங்காதீங்க, கோபோ வாங்குங்க, அதுவும் படிக்கிற மெஷின்தான். நானே இங்க டொராண்டோவுல வாங்கி வைக்கிறேன். லைப்ரரி அட்டையப் போட்டா லைப்ரரி மின்புத்தகம் தர்ற ஓவர்டிரைவ்லேருந்து நேரா மெஷின்லயே இரவல் எடுக்கலாம், காசே கிடையாது. கிண்டில்ல லைப்ரரி இரவல் அமெரிக்காவுல மட்டும்தான், கனடாவுல நடக்காது.

நான்: நல்ல மெஷின்தான்க்கா, நீ இங்கிலீஷ் த்ரில்லர் படிக்கிற, ஒனக்கு அதுதான் சரி. அப்பா படிக்கிறது பூராத் தமிழ். காசு குடுத்து வாங்குற தமிழ்ப் புஸ்தகம் கிண்டில் கடையிலதான் நிறைய. 2016லேருந்து போட்டுக்கிட்டு இருக்காங்க. தவிர நீ அங்க வாங்கி வச்சா ஃபிளைட்ல என்ன படிப்பாரு, பாதுகாப்பு அட்டையா?

மீனாக்கா: 😂 சரி, அது பாயிண்ட்டு.

மாமா: ஆனா ஒண்ணு. கிண்டில்ல வாங்கின புஸ்தகத்தைக் கம்ப்யூட்டர்ல எறக்கி வச்சுக்கிறதை 2025 பிப்ரவரியோட நிறுத்திட்டாங்க. காசும் குடுத்துட்டு, சாவி அவங்ககிட்ட. எனக்குப் புடிக்கல.

நான்: எனக்குந்தான். அதனால பழைய புஸ்தகத்தையெல்லாம் வாங்க வேணாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்னு ஒரு சைட்ல ஈபப் ஃபைலா, அதாவது மின்புத்தகமா இலவசமாவே கிடைக்குது, எறக்கி வச்சா நம்ம கையில இருக்கும்.

அப்பா: மதுரைத் திட்டம் பிடிஎஃப் எங்கிட்டயே கிடக்கு. 1998லேருந்து பழைய தமிழ் நூலையெல்லாம் தட்டச்சு பண்ணி இன்டர்நெட்ல போடுறாங்க, பெரிய தொண்டு. அதை ஏத்திக்கலாமில்ல?

நான்: ஏத்தலாம்பா, ஆனா ஏ4 பிடிஎஃப் சின்ன ஸ்கிரீன்ல எறும்பு ஊர்ற மாதிரி தெரியும். எழுத்தைப் பெருசாக்கினா வரி ஸ்கிரீனுக்குத் தக்கபடி மடங்கி வராது, பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்கணும். ஈபப் எடுங்க, அதுல மடங்கி வரும். இல்லன்னா 6 இஞ்ச் பிடிஎஃப்னு தனியாவே ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்ல இருக்கும்.

மீனாக்கா: கெளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வாங்கி ஒரு புஸ்தகம் ஏத்திப் பாருங்க. கொ, கோ, கௌ எல்லாம் ஒழுங்கா வருதான்னு பாக்கணும். எனக்கு ஒரு ஃபைல்ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நின்னுச்சு.

அத்தை: மீனா, சார்ஜர் பின்னு அங்க வேற மாதிரியாமே?

மீனாக்கா: ஆமா அத்தை, இங்க தட்டைப் பின்னு. வீட்ல டைப்-சி சார்ஜர் நிறையக் கிடக்கு, வயரு மட்டும் கொண்டு வந்தாப் போதும். அப்புறம் அப்பா, அமேசான் அக்கவுண்ட்ல நாட்டை கனடான்னு மாத்தாதீங்க. இந்தியாவுலயே இருக்கட்டும்.

நான்: அதோட எல்லாத்தையும் வீட்லயே எறக்கிடுங்க. அட்டைப்படம் தெரியுதேன்னு நம்பிடக் கூடாது, ஒவ்வொண்ணையும் தொறந்து பாத்துட்டு ஃபிளைட் மோடு போடுங்க.

அப்பா: சரி, பேப்பர்வைட்டே போடு. ஆனா ஒரு புஸ்தகம் மட்டும் காகிதமா கொண்டு போவேன். பிளேன் மேல ஏறும்போதும் கீழ எறங்கும்போதும் மெஷின அணைக்கச் சொன்னா என்ன பண்றது?

நான்: அப்பவும் கிண்டில் படிக்கலாம்பா, ஃபிளைட் மோடுல இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அப்பா: இருந்தாலும் கொண்டு போவேன்.

அம்மா: ஒண்ணுன்னா ஒண்ணுதான்.

நான்: ஒங்க கார்டுல ஆர்டர் போடுறேன்பா. ஓடிபி வரும். குரூப்ல போட்டுடாதீங்க, எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க.

அப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது