வெர்பூக்ஹோவன் பாணியில கீழக்கரிசல் கிடா: பஞ்சுமூட்டை மாதிரி வருது

தாமிரபரணிக்கரை:
பெல்ஜிய ஓவியர் யூஜீன் வெர்பூக்ஹோவன் (1798–1881) ஆட்டுப் படங்களைப் பார்த்து, நம்ம ஊரு கீழக்கரிசல் இனச் செம்மறிக் கிடாவை ஆயில் பெயிண்ட்ல போடுதேன். 12-க்கு 16 இஞ்ச் பிளைவுட். பழுப்பு அடிப்பூச்சு, மேல வெளிர் நிறம் புள்ளிபுள்ளியா. கிடா பஞ்சுமூட்டை மாதிரி நிக்குது. வயித்துக் கருப்பு பத்து நாளாகியும் கையில ஒட்டுது. எங்க தப்பு?

கரிசல்காடு:
அண்ணாச்சி, அவரு போட்டது கம்பளி ஆடு, நம்மது முடி ஆடு. கம்பளிக்குள்ள எலும்பு மறைஞ்சிரும். அதான் சுருள்சுருளா வெளிச்சம் வச்சு உருவத்தைக் காட்டுதாரு. கீழக்கரிசலுக்கு முடி தோலோட படிஞ்சு கிடக்கும். தோள்பட்டை, விலா, இடுப்பு முட்டு மூணும் தெரியணும். புள்ளியை விட்டுட்டு, முடி போற திசையில நீளமா இழுங்க: கழுத்துலருந்து பின்னால, விலாவுல சரிஞ்சு கீழ. அவருகிட்ட இதுக்குப் பாடம் மாட்டுப் படத்துலயும் கழுதைப் படத்துலயும் இருக்கு.

அவரு அப்பா பார்தெலெமி சிற்பி. மகனுக்கு உருவம் பிடிபட்டது அந்த வழியிலதான். காருக்குறிச்சியில மண்பாண்டத்துக்குப் பிசைஞ்ச களிமண் ஒரு கிலோ வாங்கி, ஒரு சாண் நீளத்துக்குக் கிடா பிடிங்க. ஒரு பக்கம் மட்டும் லைட் போடுங்க. தோள்பட்டைக்குப் பின்னால ஒரு குழிநிழல் விழும். உங்க படத்துல அது இருக்காது, பாத்துக்கிடுங்க.

மரப்பலகை:
ஒட்டுறது ஐவரி பிளாக்ங்கிற கருப்புப் பெயிண்டாத்தான் இருக்கும். எண்ணெய் நிறைய குடிக்கும், காய நாளாகும். அதுமேல சீக்கிரம் காயுற நிறம் ஏறுனா மேல்பூச்சு வெடிக்கும். சுரண்டி எடுத்துட்டு, டர்பென்டைன் நனைச்ச துணியால துடைங்க. பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) அல்ட்ராமரைனும் (நீலம்) சமமா கலந்தாலே கருப்பு வரும். நீலம் தூக்குனா அம்பர் கூட்டுங்க. அம்பர் இருக்கதால வெரசா காயும். அடிப்பூச்சுக்கு டர்பென்டைன், மேல போகப்போக லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), இந்த வரிசையை மாத்திராதீங்க. ஜெஸ்ஸோவை (பெயிண்டுக்கு முன்னால பூசுற வெள்ளைப் பூச்சு) பலகையோட பின்பக்கமும் அடிச்சீங்களா? ஒரு பக்கம் மட்டும்னா ஐப்பசி மழையில வளைஞ்சிரும்.

தேரிமணல்:
வயித்துக்கு வெறும் கருப்பு பத்தாது. வெயில்ல செம்மண்ணோட சிவப்பு அடிவயித்துல ஏறும். ஒரு துளி பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) சேருங்க. அவரு படத்துல உள்ள மெத்துன வெளிச்சம் வேணும்னா ஆனி, ஆடிச் சாரல்ல தென்காசிப் பக்கம் ஸ்கெட்ச் எடுங்க.

பின்னணி நிலக்காட்சியை முதல்ல முடிச்சுக் காயவிடுங்க. மத்தவங்க போட்ட நிலக்காட்சியில வெர்பூக்ஹோவன் ஆடுமாடு மட்டும் போட்டுக் கொடுத்த படங்களே இருக்கு. ஆனா குளம்பைச் சுத்திப் புல்லும் மண்ணும் கடைசியாத்தான் வரணும், இல்லன்னா கிடா அந்தரத்துல நிக்கும்.