ஏற்காட்டில் ஒரே ராத்திரியில் மஞ்சளான பெரோவ்ஸ்கைட் சோலார் செல். சேலத்தில் வைத்த செல்லிலும் எஃபிஷியன்சி இறங்குகிறது. உதவுங்கள்

சேலம்_எம்எஸ்சி:
வணக்கம். ப்ராஜெக்டுக்கு மீத்தைல் அம்மோனியம் லெட் அயோடைடு என்ற பெரோவ்ஸ்கைட்டில் சோலார் செல் போடுகிறோம். கீழிருந்து எஃப்டிஓ (மின்சாரம் கடத்தும்) கண்ணாடி, டின் ஆக்சைடு, பெரோவ்ஸ்கைட், ஸ்பைரோ (மின்னூட்டத்தை வெள்ளிக்குக் கடத்தும் அடுக்கு), மேலே வெள்ளி. ஒரே பேட்சில் பாதியை லேபில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தோம். மீதிக்கு மேலே கண்ணாடி வைத்து, சுற்றி எபாக்ஸி தடவி, ஏற்காட்டில் வெளியே வைத்தோம். காலையில் மூட்டம் கலைந்ததும் பார்த்தால் ஓரமெல்லாம் மஞ்சள். லேபில் உள்ளது கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் எஃபிஷியன்சி மெல்ல விழுகிறது. கைடு சார் ‘எல்லாம் ஈரம்தான், மழை முடியட்டும்’ என்கிறார். வைவா அதுவரை காத்திருக்காது.

பழைய_ஸ்பைரோ:
லேப் செல்லில் விழுவது கரண்டா, ஃபில் ஃபேக்டரா (வோல்டேஜ்-கரண்ட் வளைவு எவ்வளவு சதுரமாக நிற்கிறது என்ற அளவு)? வெள்ளி எந்த நிறத்தில் இருக்கிறது?

சேலம்_எம்எஸ்சி:
கரண்ட் ஓரளவு அப்படியே. ஃபில் ஃபேக்டர்தான் விழுகிறது. வெள்ளி மங்கி, பழுப்பு அடித்தமாதிரி இருக்குங்க சார்.

பழைய_ஸ்பைரோ:
அப்போ உங்களிடம் இருப்பது இரண்டு வியாதி தம்பி. ஒரே மருந்து கேட்காது.

லேப் செல்லில் ஈரத்தைத் தேடாதீங்க. பெரோவ்ஸ்கைட் படலம் கெட்டிருந்தால் முதலில் கரண்ட் அடிவாங்கும். உங்களுக்கு கெட்டது மேல் மின்தொடர்பு, அதாவது வெள்ளி. அயோடைடு ஓரிடத்தில் நிற்காது. ஸ்பைரோவில் உள்ள நுண்துளை வழியாக ஏறி வெள்ளியைப் பிடித்து சில்வர் அயோடைடு ஆக்கிவிடும். சிலிக்கா ஜெல் அதைத் தடுக்காது. தங்கம் பூசினால் தள்ளிப்போகும், ஆனால் காசு யார் தருவது? கார்பன் பேஸ்ட் போடுங்க. பேஸ்டின் கரைப்பான் பெரோவ்ஸ்கைட்டைக் கரைக்காததாக இருக்கணும், அது முக்கியம்.

ஏற்காடு செல் வேறு கதை. பகலில் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரியும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது, எபாக்ஸியில் இருக்கும் இடுக்கு வழியே மூட்டத்தையே உறிஞ்சும். ஓரத்திலிருந்து மஞ்சள் தொடங்கியது அதனால்தான். ஸ்பைரோவில் போடும் லித்தியம் உப்பும் தண்ணீரை இழுக்கும். எபாக்ஸி ஹார்டனரில் அமீன் இருந்தால் அதுவே படலத்தைக் கடிக்கும். ஓரத்தில் சில மில்லிமீட்டருக்குப் படலத்தைச் சுரண்டிவிட்டு, வெறும் கண்ணாடி மேல் பியூட்டைல் டேப் ஒட்டுங்க.

மஞ்சளான துண்டை உலர்ந்த டப்பாவில் வைத்துப் பாருங்க. கறுப்பு திரும்பினால் அது ஹைட்ரேட், தண்ணீர் சேர்ந்த நிலை. திரும்பாவிட்டால் எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-ரே விளிம்பு விலகல் சோதனையில்) 12.7 டிகிரி பக்கம் பாருங்க. லெட் அயோடைடு உச்சி நின்றால் அது போனது போனதுதான்.

மேட்டூர்_பானல்:
ஈரத்தை மட்டும் பேசினால் போதாதுங்க. மார்ச் பிறந்தால் நம்ம சேலத்து மொட்டைமாடி பானல் தொட முடியாது. மீத்தைல் அம்மோனியம் 85 டிகிரியில் ஈரமே இல்லாவிட்டாலும் சிதையும். அதற்குப் பதிலாக ஃபார்மமிடினியத்துக்கு மாறி, கொஞ்சம் சீசியம் சேருங்க. சீசியம் இல்லாத ஃபார்மமிடினியம் அறை வெப்பத்திலேயே மஞ்சள் நிலைக்குப் போகும். அப்புறம் அதையும் ஈரம் என்பீங்க!

பழைய_ஸ்பைரோ:
சரியான பேச்சு. ஆனால் வைவாவுக்கு முன்னால் கலவையை மாற்றினால் எல்லா அளவையும் முதலிலிருந்து எடுக்கணும். இப்போதைக்கு மேலடுக்கும் சீலும் போதும்.

சேலம்_எம்எஸ்சி:
கார்பன் போட்டால் எஃபிஷியன்சி குறையுமே சார்? இந்த வகைச் செல் 2009-ல் 3.8 சதவீதத்தில் தொடங்கி இன்று 26-ஐத் தாண்டிவிட்டது என்று முன்னுரையில் எழுதிவிட்டோம்.

பழைய_ஸ்பைரோ:
குறையும், எழுதுங்க. சாதனைச் செல்கள் தபால்தலையைவிடச் சின்னவை. உங்க தலைப்பில் ‘நிலைத்தன்மை’ இருக்குல்ல, அதற்கு ஆதாரம் காட்டுங்க. ஏற்காட்டுக்கு ஏறாமலே முடியும்: இரண்டு மூடிய டப்பா, ஒன்றில் மெக்னீசியம் குளோரைடு பூரிதக் கரைசல், மற்றதில் சோடியம் குளோரைடு. 25 டிகிரியில் ஈரப்பதம் முறையே 33, 75 சதவீதம் பக்கம் நிற்கும். மெக்னசைட் ஊரில் மெக்னீசியத்துக்குப் பஞ்சமா! சீல் போட்டது, போடாதது இரண்டையும் இரண்டிலும் வைத்து, ஃபில் ஃபேக்டரையும் கரண்டையும் தனித்தனியாக வரையுங்க.

கெட்ட துண்டுகளை வாஷ்பேசினில் கழுவாதீங்க. ஈயம். கையுறை போட்டு, தனி பாட்டிலில் சேர்த்து, மேலே எழுதி ஒட்டுங்க.