ஜனவரி 26 அன்று குடியுரிமை வாங்கலாமா?

டூங்காபி தம்பி:
சிட்னியில் எங்கள் உள்ளூர் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஜனவரி 26, ஆஸ்திரேலிய தினத்தன்று காலையில் குடியுரிமை விழா. ஏழு வருடமாகக் காத்திருந்த கடிதம். அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார், பிப்ரவரி இரண்டாம் வாரம் ஊருக்குத் திரும்புகிறார். அவர் இருக்கும்போதே நடக்கப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் விராஜுரி என்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடி இனத்தவர். அவரிடம் தேதியைச் சொன்னேன். கை கொடுத்து வாழ்த்தினார். அப்புறம் மெதுவாக, "அன்றைக்கு விடியற்காலையில் நாங்கள் குடும்பத்தோடு கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்போம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 1788-ல் அந்த நாளில்தான் கவர்னர் ஆர்தர் பிலிப் சிட்னி கோவ் கரையில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிக் குடியேற்றத்தைத் தொடங்கினார் என்பது குடியுரிமைத் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்ததுதான். அவர் முகத்தைப் பார்த்தபிறகு மனசு ஒருமாதிரி இருக்கிறது. போகலாமா, வேறு தேதி கேட்கலாமா?

ப்ளாக்டவுன் அண்ணாச்சி:
தம்பி, முதலில் வாழ்த்துகள். தாராளமாகப் போங்கள். நானும் ஜனவரி 26-ல்தான் வாங்கினேன். ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்று சட்டப்படி நடைமுறைக்கு வந்ததே 1949 ஜனவரி 26-ல்தான். அதற்கு முன் இங்கே எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். அந்தத் தேதிக்கு அப்படியும் ஓர் அர்த்தம் உண்டு.

ஆஸ்திரேலிய தினத்தை வேறு தேதிக்கு மாற்ற வேண்டும் என்ற இந்தச் சண்டை வருடா வருடம் வருகிறது. தேதியை மாற்றினால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு பூர்வகுடிப் பிள்ளை கூடுதலாகப் பள்ளிக்கூடம் போகுமா? 2008 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் கெவின் ரட், பெற்றோரிடமிருந்து அரசு பிரித்தெடுத்த பூர்வகுடிப் பிள்ளைகளான 'திருடப்பட்ட தலைமுறையிடம்' நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நான் கடையில் டிவி முன்னால் நின்று அழுதேன். அதற்குப் பிறகு, பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பராமரிப்பில் வைக்கப்படும் பூர்வகுடிப் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, குறையவில்லை. மன்னிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சடங்கை முடித்துவிட்டுக் கடமை முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். தேதி மாற்றமும் அப்படித்தான் ஆகும். வார்ல்பிரி பூர்வகுடிக் குடும்பத்தில் பிறந்த செனட்டர் ஜசின்டா பிரைஸே தேதியை மாற்ற வேண்டாம் என்கிறார்.

மெல்பர்ன் அக்கா:
அண்ணாச்சி, ஒரு பிரைஸ் அப்படிச் சொல்கிறார் என்பதற்காக மற்றவர்கள் சொல்வது இல்லாமல் போய்விடாது. இது இன்று நேற்றுக் கிளம்பிய சண்டையும் இல்லை. 1938 ஜனவரி 26, கொடி ஏற்றி 150 ஆண்டு நிறைந்த நாள். அன்று சிட்னி எலிசபெத் தெருவில் ஒரு மண்டபத்தில் வில்லியம் கூப்பர், ஜாக் பேட்டன், வில்லியம் பெர்குசன் முதலான பூர்வகுடித் தலைவர்கள் கூடித் துக்க நாள் அனுசரித்தார்கள். முழுக் குடியுரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அதே நாளில் வெளியே கொண்டாட்ட அணிவகுப்பு. 1972-ல் கான்பராவில் பழைய நாடாளுமன்றக் கட்டிடத்தின் முன் புல்தரையில் கடற்கரைக் குடையை நட்டு, நில உரிமை கேட்டுப் பூர்வகுடிகள் கூடாரத் தூதரகம் என்ற போராட்டத்தைத் தொடங்கியதும் இதே தேதியை ஒட்டித்தான்.

அதோடு, இது பெரிய பழைய மரபும் இல்லை. எல்லா மாநிலங்களும் சேர்ந்து ஜனவரி 26 அன்றே விடுமுறை விடத் தொடங்கியது 1994-ல். அதற்கு முன் பல இடங்களில் நீண்ட வார இறுதிக்காகத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைப்பார்கள். தள்ள முடிந்த நாள்தான் இது.

1838-ல் அதே ஜனவரி 26 அன்று வாட்டர்லூ க்ரீக்கில் குதிரைப் போலீஸார் கமிலரோய் பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை, கொன்றதில் சந்தேகம் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பெப்ரவரி 4 இலங்கையின் சுதந்திர தினம். எங்கள் தெருவில் அன்று கறுப்புக் கொடி கட்டுவார்கள். ஊர் முழுக்கக் கொண்டாடும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ப்ளாக்டவுன் அண்ணாச்சி:
அக்கா, உங்கள் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தேதிக்கு மாற்றுவது? 1901-ல் நாடு கூட்டாட்சி ஆனது ஜனவரி 1. அது ஏற்கனவே விடுமுறை. அந்த வருடமே வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைச் சட்டமும் வந்தது, நம்மைப் போன்றவர்களை உள்ளே விடாத சட்டம். கறையில்லாத தேதி என்று ஒன்று இந்த நாட்டில் எங்கே இருக்கிறது?

2023 பொதுவாக்கெடுப்பையும் மறக்கக்கூடாது. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குழு வேண்டுமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 60 பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் தோற்கடித்தன. மறைக்காமல் சொல்கிறேன், நானும் வேண்டாம் என்றே போட்டேன். அரசியல் சட்டத்தில் ஒரு பிறப்புக்குத் தனி இடம் என்பது சாதியைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஒப்பவில்லை. என்னைப்போல் வாக்களித்தவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்ற பேச்சு சகிக்கவில்லை.

பெமல்வுய்வாசி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சிட்னி மேற்கில் பென்டில் ஹில்லுக்கு அருகிலுள்ள பெமல்வுயில் வீடு வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. பார்சலில், வங்கிக் கடிதத்தில், பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் என்று எத்தனை முறை அந்தப் பெயரை எழுதியிருப்பேன்! அது ஒரு மனிதரின் பெயர் என்று போன வருடம் மகள் பள்ளியிலிருந்து வந்து சொல்லித்தான் தெரியும்.

பிஜிகல் என்ற பூர்வகுடி இனத்துப் போர்வீரர். குடியேறிகளை எதிர்த்துப் பன்னிரண்டு வருடம் சண்டை போட்டவர். 1797-ல் டூங்காபி அரசுப் பண்ணையைத் தாக்கினார். நாம் பொங்கலுக்கு மளிகை வாங்குகிற அதே டூங்காபி. பரமட்டாவில் குண்டடிபட்டு, கால் விலங்கோடு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பினார். 1802-ல் சுட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டிச் சாராயத்தில் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அது எங்கே என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. மகள் கேட்டாள்: "தலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா அப்பா?"

அண்ணாச்சி ஊரின் பெயரும் அங்கே இருந்த நேட்டிவ் இன்ஸ்டிட்யூஷனிலிருந்து வந்ததுதான். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்த பள்ளி. 1814-ல் கவர்னர் மக்குவாரி பரமட்டாவில் தொடங்க உத்தரவிட்டது, 1823-ல் ப்ளாக்டவுனுக்கு மாறியது. பிள்ளைகளைப் பிரிப்பது எண்ணிக்கையில் கூடியது என்று நீங்கள் வருத்தப்பட்டீர்களே, அண்ணாச்சி, அதன் ஆரம்பம் உங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம்தான். தேதி வேறு, பிள்ளைகளின் நிலைமை வேறு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

டார்வின் நர்ஸ்:
நான் இரண்டு வருடம் வடக்குப் பிரதேசத்தில் ஒரு தொலைதூரக் கிளினிக்கில் வேலை பார்த்தேன். அங்கே ஜனவரி 26 பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. அந்த அளவில் அண்ணாச்சி சொல்வது சரி.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் 28 நாளுக்கு ஒரு முறை வருவான். ருமாட்டிக் இதய நோய். தொண்டைப்புண், தோல்புண் கிருமியில் ஆரம்பித்து இதய வால்வைக் கெடுக்கும் வியாதி. சிட்னி டாக்டர்கள் பலர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். கெட்டியான பென்சிலின் ஊசி, தொடையிலோ இடுப்பிலோ போட வேண்டும், வலி உயிர் போகும். அவனே ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுத்து வைத்து மரத்துப்போகச் செய்துகொண்டு, "ரெடி" என்பான். இன்னும் பத்து வருடமாவது போட வேண்டும். மூன்று படுக்கையறை வீட்டில் பதினான்கு பேர். வாஷிங் மெஷின் கெட்டால் ரிப்பேருக்கு ஆள் வர 400 கிலோமீட்டர். படுக்கையைத் துவைக்காமல் தோல்புண் எப்படி ஆறும்?

ஆனால் வீடு ஏன் அப்படி என்று பாட்டிகளிடம் கேட்டால், பதில் நேராக மண்ணுக்கும் முடிவெடுக்கும் உரிமைக்கும்தான் போகும். 2007-ல் அரசின் அவசர நடவடிக்கை என்று அந்தப் பூர்வகுடி ஊர்களுக்குள் ராணுவ வாகனங்கள் வந்தன. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அவர்கள் விஷயத்தில் செல்லாது என்று நிறுத்தி வைத்தார்கள். உதவித்தொகையில் பாதியை எதற்குச் செலவழிக்கலாம் என்று அரசு சொன்னது. அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டுச் செய்த இடங்களில் வித்தியாசம் தெரிகிறது. 1971-ல் சிட்னி ரெட்ஃபெர்னில் பூர்வகுடிகளே தொடங்கிய மருத்துவ நிலையத்தைப் பார்த்துத்தான் நாடு முழுக்க அவர்களே நடத்தும் கிளினிக்குகள் வந்தன. 2020-22 கணக்கில் பூர்வகுடி ஆண்களின் ஆயுள் மற்றவர்களைவிட 8.8 வருடம் குறைவு, பெண்களுக்கு 8.1. மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை, சிறையிலிருப்பவர்களில் மூன்றில் ஒருவர் அவர்கள். அண்ணாச்சி, ஆலோசனைக் குழு கேட்டது இந்த "எங்களைக் கேளுங்கள்" என்பதைத்தான். பிறப்புக்குச் சலுகையாக நான் அதைப் பார்க்கவில்லை.

ப்ளாக்டவுன் அண்ணாச்சி:
அந்தப் பையன் விஷயம் படித்து இரண்டு மணி நேரமாக வேறு வேலை ஓடவில்லை, அம்மா. வாக்கு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. தேதி விஷயத்திலும் மாறவில்லை. அந்த ஊசிக்கும் வீட்டுக்கும் வேண்டிய கோபத்தைத் தேதியில் செலவழிக்கிறோம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் இனி யாரிடமும் "இதெல்லாம் பழைய கதை" என்று சொல்ல மாட்டேன்.

மெல்பர்ன் அக்கா:
கோபம் என்ன பெட்ரோலா அண்ணாச்சி, ஒன்றுக்குச் செலவழித்தால் மற்றதற்குத் தீர்ந்துபோக? 1938-ல் துக்க நாள் அனுசரித்தவர்கள்தான் அதே கூட்டத்தில் கல்வியும் சம உரிமையும் கேட்டார்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்கு: 2022 டிசம்பரிலிருந்து கவுன்சில்கள் ஜனவரி 26-க்கு மூன்று நாள் முன்னே பின்னே விழா வைக்கலாம். 2017-ல் மெல்பர்னில் உள்ள யாரா (Yarra), டேர்பின் கவுன்சில்கள் அந்த நாளில் வைக்க மாட்டோம் என்றதும் அரசு அவர்களுடைய விழா நடத்தும் உரிமையையே பறித்தது. அந்த நிலை இப்போது இல்லை. கேட்டுப் பாருங்கள்.

டூங்காபி தம்பி:
கேட்டேன். எங்கள் கவுன்சிலில் அடுத்தது மார்ச்சில்தான். அதற்குள் அம்மா போய்விடுவார். அதனால் 26-ம் தேதியே போகிறேன். அக்காவுக்கு வருத்தம் இருக்கும், தெரியும். அன்று மாலை நண்பர்கள் ஏற்பாடு செய்த பார்பெக்யூவுக்கு மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசை நண்பரிடமும் நேரில் சொன்னேன். "அம்மா பார்க்கட்டும்" என்றார். மத்தியானம் விக்டோரியா பார்க்கில் பூர்வகுடிகளின் யாபுன் விழா நடக்கும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். யாராவது போயிருக்கிறீர்களா?

டார்வின் நர்ஸ்:
சிட்னியில் இருந்தபோது போயிருக்கிறேன். நுழைவுக் கட்டணம் இல்லை. டூங்காபியில் ரயில் ஏறி ரெட்ஃபெர்னில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அம்மாவுக்குத் தொப்பி, தண்ணீர், உட்கார ஒரு விரிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மரநிழல் சீக்கிரம் நிறைந்துவிடும்.