முழு உடற் பரிசோதனைப் பக்கேஜ்: அப்பாவுக்குச் செய்விக்க வேண்டுமா?

ஒட்டுசுட்டான் மகன்:
எனது தந்தைக்கு 63 வயது. இன்றும் வயல் செய்கிறார். நீண்ட காலமாகச் சீனி வியாதியும் பிரஷரும் உள்ளன. அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு விடியமுன் பஸ் பிடித்துச் சென்று இலக்கம் எடுத்தாலும், நண்பகலாகும்போதுதான் வைத்தியரைக் காண்கிறார். அவருக்கும் கொப்பியைப் புரட்டிப் பழைய மருந்தையே எழுதிக் கொடுப்பதற்கு மேல் நேரம் கிடைப்பதில்லை. அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி வைத்தியரிடம் நேரம் பதிந்து, காட்டினோம். தைரொயிட் முதல் புற்றுநோய்க் குறிகாட்டிகள் (புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய பொருட்கள்) வரை அடங்கிய பரிசோதனைப் பக்கேஜ் ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள். ஒரு போக நெல் விற்ற காசில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். வெளிநாட்டிலுள்ள அண்ணா பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். செய்விப்பது பயனுள்ளதா?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, அந்தப் பணத்தை அப்படியே செலவழிக்க வேண்டாம். நோய்க்குறி எதுவும் இல்லாத ஒருவருக்குப் புற்றுநோய்க் குறிகாட்டிகளைப் பார்ப்பதால் பெரும்பாலும் நன்மை விளைவதில்லை. எண் சற்றுக் கூடினால், அது ஏன் கூடியது என்று அறிய ஸ்கான், மறுபடியும் இரத்தம், மறுபடியும் சனல் என்று செலவு நீண்டுகொண்டே போகும்.

உங்கள் தந்தைக்கு இருக்கும் உண்மையான ஆபத்துகளில் ஒன்று சிறுநீரகத்தில் இருக்கிறது. சீனியும் பிரஷரும் சேர்ந்தால் சிறுநீரகம் ஓசையின்றிப் பழுதாகும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினின் இரத்தத்தில் கூடியிருப்பது தெரியவரும்போது, சிறுநீரகத்தின் இயங்குதிறனில் ஏறத்தாழ அரைவாசி போயிருக்கக்கூடும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையோ அதற்கு வெகு முன்னரே எச்சரித்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை அதனையும், கிரியேற்றினினையும், கண்ணின் விழித்திரையையும், பாதங்களையும் பார்த்தால் போதும். கசிவு தெரிந்தால் லொசார்டன் போன்ற, கிளினிக்கிலேயே இலவசமாகத் தரப்படும் மாத்திரையைக் கொண்டு பழுதின் வேகத்தைக் குறைக்கலாம். இவ்வளவையும் தவறவிட்டு, இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயலிசிஸ் வரை வந்துவிட்டால், வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து போய் வரும் நேரத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள். அந்தக் கட்டிலருகே நின்று வேலை செய்தவள் என்பதால்தான் இதனை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மாங்குளத்தான்:
தாதி அக்கா சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் குற்றம் தனியார் வைத்தியசாலைகளோடு முடிந்துவிடுவதில்லை. நோய் வந்த பின் செலவழிப்பதற்கே எங்கள் அரசுகளும் பழகியிருக்கின்றன. வன்னிக் காட்டோரங்களில் குடியிருப்புகளையே நிலைக்க விடாத மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள்தான் பதிவாகினர். இனி அச்சமில்லை என்று நுளம்பு மருந்துத் தெளிப்பையும் நோய்க் கண்காணிப்பையும் தளர்த்தியதும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது பல இலட்சம் பேரைப் பிடித்துக்கொண்டது. பின்னர் யுத்தத்துக்குள்ளும் வீடுவீடாக மருந்து தெளித்து, காய்ச்சல்காரரின் விரல் நுனியில் இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசிப் பார்த்த பணியாளர்களால்தான், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளிக்க முடிந்தது. வராமற்போன காய்ச்சலுக்கு எவரும் கட்டணம் அறவிட முடியாது. அதனால்தான் அவ்வாறான வேலைக்கு முதலீட்டாளரும் வருவதில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் வெட்டு விழுவதும் அதற்குத்தான். கட்டடமும் இயந்திரமும் திறந்து வைப்பதற்கு மட்டும் எல்லோரும் வருகிறார்கள். இருப்பினும் சிகிச்சையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. அறுவடைக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு விஷமுறிவு மருந்துதான் உயிர்.

ஒட்டுசுட்டான் மகன்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தாதி அக்கா, இன்னுமொரு விடயம். வயலில் நின்று வந்தால் முழங்கால் உளைவுக்கு அப்பா பார்மசியில் டைக்குளோபெனக் வாங்கிப் போடுவார். கிளினிக்கில் அதைச் சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், தம்பி. அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும். வெயிலில் நீரிழந்து நிற்கும் உடம்புக்கு ஆபத்து இன்னும் அதிகம். அளவோடு பரசிற்றமோல் போடலாம்; வலி தீராவிட்டால் வைத்தியரிடம் கேட்கட்டும். அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடச் சென்று, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கொப்பியோடு வைத்தியரின் மேசையில் வையுங்கள். சிறுநீர் அல்புமின் சோதனையையும் அங்கேயே எழுதித் தரும்படி கேளுங்கள். அங்கு செய்ய வசதியில்லையென்றால், அதை மட்டும் வெளியில் செய்வியுங்கள். அண்ணாவின் பணம் அதற்குப் போதும்.