மாற்ற ஆவணமா, மாற்றாவணமா? பழைய சிறுவிமானப் பாடத்துக்கு ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர், திருநகர்:

அனைவருக்கும் வணக்கம். விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்களுக்கான கையேட்டில் ‘பழைய சிறு விமானம் வாங்குமுன்’ என்ற இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சிவகாசிக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். பாடத்தில் வருவது அமெரிக்காவில் பதிவான ஒரு செஸ்னா 172. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்குக் கிடைக்கும் ஒப்புதலை ‘வகைச்சான்று’ என்று எழுதிவிட்டேன். பிற்பாடு வேறொருவர் பெரிய எஞ்சினோ புதிய இறக்கை நுனியோ பொருத்துவதற்குத் தனியே ஒப்புதல் வாங்குகிறாரே, எஸ்.டி.சி. (சப்ளிமெண்டல் டைப் சர்டிபிகேட்), அதற்கு என்ன சொல்? ‘சப்ளிமெண்டல்’ என்ற இடத்தில் சிக்கி நிற்கிறேன். விமானத்தை வாங்குமுன் அந்த மாற்றங்களுக்கான தாள்களைச் சரிபார்க்கும் வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும். புறநானூற்றின் ‘வலவன் ஏவா வானவூர்தி’யை இந்த முறை யாரும் அழைத்து வர வேண்டாம் என்று மன்றாடுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்:

தொல்காப்பியர் புணரியலில் திரிபை மூன்றாக வகுக்கிறார், தம்பி: மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல். விமானத்துக்கும் இவைதாமே? எஞ்சினை மாற்றினால் பிறிதாதல். கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்தால் மிகுதல். பின்னிருக்கையைக் கழற்றினால் குன்றல். நன்னூலார் இவற்றையே தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூன்றாக்கினார். ‘விகாரச் சான்று’ என்று எழுதுங்கள். இலக்கணம் படித்தவனுக்கு விளக்கமே வேண்டாம்.

கல்லூரி ஆசிரியை, பசுமலை:

ஐயா, விகாரம் வடசொல். அதை மன்னித்தாலும், என் மாணவிகளுக்கு விகாரம் என்றால் அவலட்சணம்தான். ‘விகாரச் சான்று இருக்கிறது’ என்று விற்பவர் சொன்னால் வாங்க வந்தவர் பஸ் ஏறிவிடுவார்.

பத்திர எழுத்தர், உசிலம்பட்டி:

ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள்? நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் பார்க்கிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். இதுவும் அதேதான். ‘விமான வில்லங்கம் பார்த்தல்’ என்றால் அலங்காநல்லூர்ச் சந்தையில் கேட்டாலும் புரியும்.

பராமரிப்புப் பொறியாளர், அவனியாபுரம்:

புரியும், ஆனால் தவறாகப் புரியும். விமானத்தின் மேல் கடன் நிற்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. உண்மையான வில்லங்கம் அதுதான். அமெரிக்காவில் அதற்கும் ஓக்லஹோமா நகர விமானப் பதிவகத்தைத்தான் நாட வேண்டும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

மாற்றத் தாள்களின் கதை வேறு. பெரிய பழுதுநீக்கமோ பெரிய மாற்றமோ செய்தால் அங்கே அரசு விமானத் துறையின் படிவம் 337-ஐ நிரப்புவார்கள். ஒரு படி உரிமையாளருக்கு. இன்னொரு படி, விமானம் மீண்டும் பறக்கலாம் என்று ஒப்பமிட்ட 48 மணி நேரத்துக்குள் ஓக்லஹோமா நகரத்துக்குப் போக வேண்டும். வாங்குகிறவர் அந்தக் கோப்பின் நகலை வரவழைத்து விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பிறகு இரண்டையும் விமானத்தோடு ஒப்பிட வேண்டும். பொருள் விமானத்தில் இருக்கும், தாளில் இராது. அல்லது தாளில் இருக்கும், யாரோ எப்போதோ கழற்றியிருப்பார். எப்படியானாலும் வெற்று எடையும் சமநிலைக் கணக்கும் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும்.

எஸ்.டி.சி.யின் நகல் மட்டும் கையில் இருந்தால் போதாது. அதற்கு உரியவர் இந்த விமானத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் தந்த அனுமதி வேண்டும். ஒரே விமானத்தில் இரண்டு எஸ்.டி.சி. இருந்தால், ஒன்றுக்கொன்று ஒத்துவருமா என்று பொருத்துகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்; தனித்தனியே கிடைத்த ஒப்புதல் சேர்த்து வைப்பதற்கான ஒப்புதல் ஆகாது.

ஆகவே கேட்டது ஒரு சொல், தேவை இரண்டு. மாற்றத்தின் வடிவமைப்புக்குக் கிடைத்த ஒப்புதல் ஒன்று. இந்த விமானத்தில் அதைச் செய்து முடித்தோம் என்ற பதிவு மற்றொன்று. இரண்டையும் ‘மாற்றச் சான்று’ என்று எழுதிவிட்டால் மாணவன் தேர்விலும் தேறமாட்டான், விமானத்தையும் ஏமாந்து வாங்குவான்.

தமிழாசிரியர், மேலூர்:

இரண்டு ஒப்புதல்கள் மோதுவது மாறுகொளக் கூறல்! மரபியல் சொல்லும் நூற்குற்றம். அங்கேயே மிகைபடக் கூறலும் இருக்கிறது. நமக்கு வேண்டிய வேர் அதுதான். ‘மிகைச்சான்று’. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் தனியே இருப்பது நினைவுக்கு வரவில்லையா? பொறியாளர் மாற்றம் என்ற சொல்லை இலேசாக எண்ணிவிட்டார். எங்கள் பக்கத்துத் திருவாதவூர் மணிவாசகர் ‘மாற்றம் மனங்கழிய நின்ற மறையோனே’ என்கிறார். அங்கே மாற்றம் என்றால் சொல். மாற்றம் செய்தவன் மாற்றம் தந்தாக வேண்டும், அதுவும் எழுத்தில்! படிவம் 337-க்கு இதைவிட

(மடல் நீண்டதால் எஞ்சிய பகுதி அடுத்ததில்.)

ஆசிரியை, பசுமலை:

அடுத்தது வருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மிகைப்பாடல் என்பது கம்பர் வாக்கல்ல என்று பதிப்பாசிரியர்கள் ஒதுக்கி வைத்தது. முறையாக ஒப்புதல் பெற்ற மாற்றத்துக்கு அந்தப் பெயரா? ‘துணை வகைச்சான்று’ போதும்.

தமிழாசிரியர், மேலூர்:

துணை வட்டாட்சியர் போலவா? வகைச்சான்றுக்குக் கீழ்ப்பட்டதா இது?

பொறியாளர், அவனியாபுரம்:

ஒருவகையில் ஆம், ஐயா. வகைச்சான்று இல்லாத விமானத்துக்கு எஸ்.டி.சி. கிடையாது.

மொழிபெயர்ப்பாளர், திருநகர்:

எஸ்.டி.சி.க்குத் துணை வகைச்சான்று. படிவம் 337-க்கு மாற்றப் பதிவு. பெரிய பழுதுநீக்கமும் அதில் அடங்கும் என்று அடிக்குறிப்பு போடுகிறேன். சரிபார்க்கும் வேலைக்கு ‘மாற்றாவணச் சரிபார்ப்பு’. சரிதானே?

ஆசிரியை, பசுமலை:

சரியில்லை. மாற்று, ஆவணம் இரண்டும் சேர்ந்தால்தான் மாற்றாவணம். தொலைந்ததற்குப் பதிலாகத் தரும் ஆவணம் என்று பொருள்படும். மாற்றம் என்பதோடு சேர்த்தால் மகரம் கெட்டு வகரம் தோன்றி ‘மாற்றவாவணம்’ ஆகும்.

பத்திர எழுத்தர், உசிலம்பட்டி:

அம்மா, அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர், திருநகர்:

‘மாற்ற ஆவணச் சரிபார்ப்பு’ என்று பிரித்தே எழுதுகிறேன். நன்னூலார் பொறுத்தருள்க. மறுப்பு பெரிதாக இல்லையென்றால் இதையே அனுப்பிவிடுவேன்.

பொறியாளர், அவனியாபுரம்:

எனக்குச் சம்மதம். ஹேங்கரில் என்னவோ எஸ்.டி.சி. என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

தமிழாசிரியர், மேலூர்:

எனக்கு உடன்பாடில்லை. ‘மிகை’ பற்றிய மடலின் இரண்டாம் பகுதியை நாளை அனுப்புகிறேன். அதுவரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.