பலஸ்தீன அகதிகள் பற்றிய மூலாதார வினாக்கள்: எங்கே புள்ளி போகிறது?

கொக்குவில் மாணவி:

லண்டன் ஓ.எல். வரலாற்று ஒப்படை செய்யிறன். தலைப்பு: 1948 இல் பலஸ்தீனர்கள் அகதிகளானது ஏன்? நாலு மூலாதாரம் தந்திருக்கினம்.

அ: 1950களின் தொடக்கத்தில் எடுத்த, உன்ர்வாவின் (பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண நிறுவனம்) கூடார முகாம் படம்.
ஆ: அகதிகள் வீடு திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்று சொல்லுற, ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் 194 இன் 11 ஆம் பந்தி.
இ: அரபுத் தலைவர்கள் வானொலியில் சொன்னதால்தான் சனம் வெளியேறினது என்று சொல்லுற இஸ்ரேலிய அரச துண்டுப்பிரசுரம்.
ஈ: லித்தா நகரில இருந்து வெளியேறின ஒரு அம்மா பல வருசத்துக்குப் பிறகு சொன்ன வாய்மொழிச் சாட்சி.

படத்திலிருந்து இரண்டு ஊகம், 4 புள்ளி. இ, ஈ எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன, 8. ஆ எவ்வளவு பயனுள்ளது, 8. கடைசியாக, "தலைவர்கள் சொன்னதால்தான் வெளியேறினார்கள்" என்ற கூற்றை மூலாதாரங்கள் ஆதரிக்கின்றனவா, 12.

"இ பக்கச்சார்பானது, ஆகவே பயனில்லை. ஈ நேரில் கண்டவர் சொன்னது, ஆகவே நம்பலாம்" என்று எழுதினன். இரண்டு வரிக்கும் பக்கத்தில சிவப்புக் கேள்விக்குறி. எங்க பிழை?

வடமராட்சி ஆசிரியர்:

தங்கச்சி, பிழை "ஆகவே" என்ற சொல்லில இருக்குது. பக்கச்சார்பு என்று கண்டுபிடிச்சது சரி. ஆனா அதிலிருந்து "பயனில்லை" என்பதற்குத் தாவ வழியில்லை. ஒரு மூலாதாரம் எதற்குப் பயன் என்று கேட்டுத்தான் விடை எழுத வேணும். சனம் ஏன் போனது என்று அறிய இ பலவீனமானது. அகதிகள் திரும்பி வருவதை மறுக்க இஸ்ரேலிய அரசு என்ன வாதத்தை முன்வைத்தது என்று அறிய அதைவிட நல்ல சான்று கிடையாது.

இதற்கு டெய்ர் யாசின் நல்ல உதாரணம். 1948 ஏப்ரல் 9 இல் அந்தப் பலஸ்தீனக் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்கள் படுகொலை செய்தன. உடனே பரவிய எண்ணிக்கை 254. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் ஏறத்தாழ 100 முதல் 120 வரை என்கிறார்கள். 254 என்று போட்ட அன்றைய பத்திரிகைச் செய்தி உங்களுக்கு மூலாதாரமாக வந்தால் "பிழையான எண், பயனற்றது" என்று எழுதிவிடாதேங்கோ. அக்கம்பக்கக் கிராமங்கள் நம்பிப் பயந்தது அந்த 254 ஐத்தான். எண் பிழை, ஆனால் பயத்துக்கு அதுவே சான்று.

இனி 12 புள்ளி வினா. பலர் கூற்றை முழுதாக ஏற்கினம், அல்லது முழுதாக மறுக்கினம். இடமும் திகதியும் போட்டுப் பிரிச்சால்தான் விடை நிமிரும்.

ஹைஃபா, 1948 ஏப்ரல் 22: யூதர்களின் ஹகானா படை நகரைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அரபுப் பிரமுகர்கள் சரணடையும் நிபந்தனைகளை ஏற்காமல் வெளியேறத் தீர்மானித்தார்கள். யூத மேயர் ஷப்தாய் லெவி இருக்கச் சொல்லிக் கெஞ்சினார். இ சொல்வதற்குக் கிட்ட வருவது இதுதான். ஆனாலும் அதே நேரம் நகரின் அரபுப் பகுதியில் மோட்டார்க் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன, அதையும் சேர்த்து எழுத வேணும்.

லித்தா, ரம்லா, 1948 ஜூலை: இங்கே வெளியேற்றக் கட்டளையே எழுத்தில் இருக்கிறது. கையொப்பமிட்டவர் இஸ்ரேலியப் படை அதிகாரி யித்சாக் ரபின். ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜூலை வெயிலில் கிழக்கே நடந்தார்கள். ஆகவே ஈயை நம்புவதற்குக் காரணம் "நேரில் கண்டவர்" என்பது அல்ல. அவர் சொல்வதை மற்றத் தரப்பின் ஆவணமே உறுதிப்படுத்துகிறது, அதுதான் காரணம். இந்த ஒரு வசனம் பல புள்ளிக்குச் சமன்.

வானொலிக் கதைக்கு: 1948 இல் பி.பி.சி. அந்தப் பிராந்திய ஒலிபரப்புகளைக் கேட்டுப் பதிந்து வந்தது. பின்னர் அந்தப் பதிவுகளைத் தேடியவர்கள் எல்லாரும் வெளியேறுங்கள் என்ற பொதுக் கட்டளையைக் காணவில்லை. சில கிராமங்களில் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பச் சொன்னது உண்டு. இரண்டையும் எழுதுங்கோ.

பனையோலை:

படத்தைப் பற்றி. "கூடாரம் இருக்கிறது" என்பது ஊகமல்ல, அது விவரிப்பு. கூடாரங்கள் நேர்வரிசையில் நிற்கின்றனவா பாருங்கோ. நின்றால், யாரோ அளந்து அடித்திருக்கினம். ஒரு நிறுவனம் முகாமை நடத்துகிறது என்பது ஊகம். கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டியிருந்தால், ஒரு மாரியையாவது அங்கே கழிக்க எண்ணியிருக்கினம் என்பது ஊகம். ஊகம் ஒரு வசனம், படத்தில் தெரியும் சான்று ஒரு வசனம். இப்படி இரண்டு சோடி போதும், 4 புள்ளிக்கு அரைப்பக்கம் எழுதி நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

உன்ர்வா 1950 மே 1 இல் வேலை தொடங்கியது, நாடுகள் விரும்பிக் கொடுக்கும் பணத்தில் இயங்குவது. ஆகவே அதன் படங்களுக்கு நிதி திரட்டும் நோக்கமும் இருந்தது. இதை ஊக வினாவில் எழுதினால் புள்ளி இல்லை, பயன் கேட்கும் வினாவில் எழுதினால் உண்டு.

எண்ணிக்கையிலும் கவனம். ஐ.நா. இணக்க ஆணைக்குழு சொன்னது ஏறத்தாழ 7,11,000. உன்ர்வா பொறுப்பேற்ற பங்கீட்டுப் பதிவுகளில் 9 இலட்சத்துக்கு மேல். இரண்டும் எண்ணியது வேறு வேறு. காணி எல்லைக்கு அப்பால் போனதால் பிழைப்பிழந்த கிராமத்தவரும் உணவுப் பதிவில் சேர்ந்தார்கள், இறப்புகள் பல பதியப்படவில்லை. நிவாரண அட்டையில் ஆள் எண்ணிக்கை எப்படி ஏறும், எப்படி இறங்காது என்று எங்கட சனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

நூலகத்து மேசை:

ஆவுக்கு ஒரு எச்சரிக்கை. தீர்மானம் 194 நிறைவேறிய நாள் 1948 டிசம்பர் 11. தமிழில் "அனுமதிக்கப்பட வேண்டும்" என்று வாசித்தால் கட்டளை போலத் தொனிக்கும். ஆங்கில மூலத்தில் உள்ள சொல் "ஷுட்" (should), கட்டளையாக வரும் "ஷல்" (shall) அல்ல. பொதுச்சபைத் தீர்மானம் பரிந்துரைதான். "அயலவரோடு சமாதானமாக வாழ விரும்புவோர்" என்ற நிபந்தனையும் அதே வசனத்தில் இருக்கிறது. இஸ்ரேல் பிடித்துக்கொண்டது அதைத்தான். அன்று அரபு நாடுகளும் அந்தத் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தன என்று எழுதினால், பின்னணி தெரிந்த பிள்ளை என்று விளங்கும். ஐ.நா. என்ன கொள்கையை ஏற்றது என்பதற்கு ஆ பயன், சனம் ஏன் வெளியேறியது என்பதற்கு அது வாயே திறக்கவில்லை.

இன்னொன்று. எங்கட ஊரில் நாட்டுக்குள்ளே பெயர்ந்தவர் "இடம்பெயர்ந்தோர்", எல்லை கடந்தவர்தான் "அகதி". அந்த வழக்கை இங்கே கொண்டுவராதேங்கோ. காஸாவுக்குப் போனவரும் பலஸ்தீன மண்ணில்தான் இருந்தார், ஆனாலும் உன்ர்வா வரையறைப்படி அவர் அகதி. 1946 ஜூன் 1 முதல் 1948 மே 15 வரை பலஸ்தீனத்தில் வழமையாக வசித்து, போரால் வீட்டையும் பிழைப்பையும் இழந்தவர் என்பதே வரையறை.

கொக்குவில் மாணவி:

மூன்று பேருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறன், சரியா: "இ வெளியேற்றத்தின் காரணத்துக்குப் பலவீனமான சான்று, ஆனால் இஸ்ரேலிய அரசின் நிலைப்பாட்டைக் காட்டுவதால் பயனுள்ளது. ஈ காட்டுவதுபோல எல்லாரும் படையால் துரத்தப்பட்டார்கள்."

வடமராட்சி ஆசிரியர்:

முதல் வசனம் நல்லது. இரண்டாவதில் "எல்லாரும்" வேண்டாம், ஈ பேசுவது லித்தாவைப் பற்றி மட்டும். "1948 ஜூலையில் லித்தா மக்கள்" என்று மாற்றி, அடுத்த வசனத்தில் ஹைஃபாவைக் கொண்டுவாங்கோ.