பழைய சமையலறை அலமாரிக்குக் கதவு மட்டும் புது மரத்தில் மாற்றலாமா?

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கம். பாலக்கோட்டில் அப்பா கட்டிய வீடு, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அடுப்பு மேடைக்குக் கீழே கடப்பாக் கல்லை நிறுத்தித் தடுத்து, முன்னால் தேக்குச் சட்டம் அடித்துக் கதவு மாட்டியிருக்கிறது. மேலே இருப்பவை பிளைவுட் பெட்டிகள். கதவு எல்லாமே மைக்கா ஒட்டிய பிளைவுட். அடுப்புப் பக்கம் மைக்கா அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கிறது. சிங்க்குக்குக் கீழே உள்ள கதவு அடிப்பக்கம் ஊதிப்போய் மூடவே முடியவில்லை.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மாடுலர் போடுங்கள் என்கிறார்கள். அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய தேக்குச் சட்டம், இன்னும் இரும்பு போல இருக்கிறது, அதைத் தூக்கிப்போட எனக்கும் அம்மாவுக்கும் மனசு வரவில்லை. சட்டத்தையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு கதவை மட்டும் மரத்தில் செய்து, மேல் பெட்டிகளின் வெளிப்பக்கத்துக்கு வெனீர் (மெல்லிய மரத்தோல்) ஒட்டினால் நிற்குமா? இன்னொன்று, காரிமங்கலம் பக்கம் சித்தப்பா தோப்பில் காய்ப்பு நின்ற மாமரங்களை வெட்டப் போகிறார்கள். அந்த மரத்தில் கதவு செய்யலாமா?

கிருஷ்ணகிரி மரவேலை:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. கடப்பாக் கல் உளுத்துப்போகாது, தேக்குச் சட்டமும் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் எதற்குப் பிடுங்க வேண்டும்? சட்டம் சுவரோடு சேரும் இடத்தை மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். கரையான் அந்த இடுக்கு வழியாகத்தான் மண் கோடு போட்டு ஏறும். இருந்தால் முதலில் அதற்கு மருந்து அடித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

மேல் பெட்டிகளில் கீல் ஸ்குரூ ஒன்றைக் கழற்றித் திரும்ப முறுக்குங்கள். பிடித்தால் பெட்டி நல்ல பெட்டி. வழுக்கிச் சுற்றினாலோ, மூலையில் ஸ்குரூ டிரைவரை அழுத்தும்போது உள்ளே போனாலோ அந்த ஒரு பெட்டியை மட்டும் மாற்றுங்கள். சிங்க் கதவு ஊதியதற்குக் காரணம் தண்ணீர். வேஸ்ட் பைப் கசிகிறதா, மேடைக்கும் சிங்க்குக்கும் நடுவே சொட்டுகிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்யாமல் புதுக் கதவு போட்டால் அதுவும் இதே கதிதான்.

கதவுக்கு இரண்டு வழி. ஒன்று, 18 மி.மீ. பிளைவுட்டில் தேக்கு வெனீர் ஒட்டி, நாலு விளிம்பிலும் தேக்கு லிப்பிங், அதாவது மெல்லிய தேக்குப் பட்டை, அடிப்பது. வெளிப்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு உள்பக்கத்தைச் சும்மா விட்டால் கதவு வளையும், உள்ளே லைனர் மைக்காவாவது (உள்பக்கத்துக்கான மெல்லிய மைக்கா) ஒட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, முழுத் தேக்கு. அப்படியென்றால் ஒரே அகலப் பலகையாகச் செய்யக்கூடாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் பலகை குறுக்குவாட்டில் சுருங்கும், ஐப்பசி மழையில் விரியும். கதவுக்கே நாலு பக்கமும் சட்டம் வைத்து, அதில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து நடுப்பலகையைப் பசை போடாமல் செருகினால் அது உள்ளேயே அசைந்துகொள்ளும், வெடிக்காது.

மேல் பெட்டிக்கு 4 மி.மீ. பிளையில் ஒட்டியே வரும் வெனீர் ஷீட் போதும். பழைய மைக்காவை உரித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும். வருடக்கணக்காகத் தாளித்த எண்ணெய் ஏறிய இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

தளி ரோடு:
நாங்கள் ஓசூரில் போன வருடம் இதே வேலையைச் செய்தோம் தம்பி, நன்றாக இருக்கிறது. பிளைவுட் வாங்கும்போது ஒவ்வொரு ஷீட்டிலும் ஐ.எஸ். 710 என்று ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அதுதான் கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கும் ரகம். 303 என்பது வேறு, அதற்குள்ளேயே பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது), எம்.ஆர். (ஈரக்காற்றை மட்டும் தாங்குவது) என்று இரண்டு உண்டு, எம்.ஆர். சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். எங்களுக்கு ஒரு கடையில் வாயால் 710 என்று சொல்லி 303 ஷீட்டை ஏற்றி அனுப்பினார்கள், இறக்கும்போது முத்திரையைப் பார்த்ததால் திருப்பிவிட்டோம்.

கீலையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் கதவு சட்டத்துக்குள் உட்காருகிறதா, சட்டத்தின் மேல் மூடுகிறதா என்பதைப் பொறுத்துக் கீல் மாறும். மெதுவாக மூடும் கப் கீல் வேண்டுமென்றால் கதவில் 35 மி.மீ. குழி எடுக்க வேண்டும். முழுத் தேக்குக் கதவு கனமாக இருக்கும், உயரமான கதவுக்கு மூன்று கீல் போடுங்கள்.

பாலிஷ் அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முகப்பைப் பளபளவென்று செய்துவிட்டுக் கதவின் அடி விளிம்பை அப்படியே விட்டுவிடுவார்கள். வீடு கழுவும் தண்ணீர் ஏறுவது அந்த அடி விளிம்பு வழியாகத்தான். எங்கள் வீட்டில் கதவைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி அந்த விளிம்புக்குக் கூடுதலாக ஒரு கோட் பி.யு. (பாலியூரித்தேன் பாலிஷ்) அடிக்க வைத்தேன்.

பாலக்கோட்டுக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஸ்குரூ கழற்றிப் பார்த்தேன், மேலே ஒரு பெட்டியில் மட்டும் வழுக்குகிறது, மற்றதெல்லாம் பிடிக்கிறது. கீழே வெனீர் கதவு என்று முடிவு செய்துவிட்டோம். மாமரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே அண்ணா?

கிருஷ்ணகிரி மரவேலை:
மா மரத்தை இந்தக் கதவுக்கு எடுக்காதீர்கள். நம்ம பக்கம் மில்லில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். பச்சையாக அறுத்துச் செய்தால் முறுக்கிக்கொள்ளும், வண்டு சீக்கிரம் துளைக்கும். கதவிலிருந்து மாவு கொட்ட ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கும் பிளைவுட்டுக்கும் நல்லதில்லை. சித்தப்பா தோப்பு மரம் என்று ஆசை இருந்தால், ஒரு அங்குலப் பலகையாக அறுத்து, போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் இடையில் குச்சி வைத்து அடுக்கி ஒரு வருடம் காயவிடுங்கள். அம்மாவுக்கு அதில் ஒரு சாப்பாட்டு மேசை செய்யலாம். கதவு வேலையை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.